ஒன்பதாவது கை

"நிறுத்தாதீங்க!" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஆசிரியை ஓக்கா ரெம்மர்ஸ் படத்தை நிறுத்திவிட்டாள்.

திரையில் எட்டுப் பேர் முடிவு செய்துவிட்டிருந்தார்கள். நான்கு கைகள் மேலே, நான்கு கைகள் மேசைமேல். மலையூர் ஒன்றின் ரயில் நிலையத்தை மூடுவதா வேண்டாமா என்று அந்த ஊர் மன்றம் வாக்களித்துக்கொண்டிருந்தது. ஒன்பதாவது உறுப்பினர் தேனீ வளர்த்துப் பிழைக்கும் கிழவர். இவ்வளவு நேரமும் தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தவர் அதை மெல்ல மேசைமேல் வைத்தார். அங்கே படம் நின்றுபோயிருந்தது.

ஓக்கா சன்னல் திரைகளை விலக்கினாள். வெளியே மழை, சைக்கிள் கொட்டகை, அதற்கப்பால் ஈர வயல்கள். வகுப்பு கண்ணைக் கசக்கியது.

"போன தடவையும் இதே கதைதான்," என்றான் ட்யார்க். இறைச்சிக்கடையில் பயிற்சியில் இருப்பவன். "அந்த அமைச்சர் ராஜினாமா பண்ணாரா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது. அதை நினைச்சே தூக்கம் போச்சு."

"நீதான் இங்கேயே தூங்கறியே," என்றாள் கேசா. அவள் ரொட்டிக்கடைப் பயிற்சியில் மூன்றாம் வருஷம். மற்ற நாட்களில் விடிவதற்கு வெகுமுன்பே மாவு பிசையப் போகிறவள். ஆனால் இந்தப் பாடத்தில் தூங்கியதில்லை.

"இப்ப அந்தத் தொப்பிக்காரர் நீங்கதான்," என்றாள் ஓக்கா. "முதல்ல பேச்சு. அப்புறம் கை."

அவள் மாணவர்களை 'நீங்க' என்றுதான் அழைப்பாள்; அவர்கள் அவளை 'ஃப்ராவ்' என்று, அதாவது அம்மையார் என்று. தொழிற்பள்ளியில் அதுதான் முறை. வாரத்தில் ஒரு நாள் பள்ளி, மற்ற நாள் கடையிலும் பட்டறையிலும் வேலை. முதலாளி 'டேய்' என்கிற மாதிரி கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டுப் பழகியவர்களுக்கு முதல் மாதம் அந்த 'நீங்க' கூச்சமாக இருக்கும். பிறகு அதற்கு ஏற்றாற்போல் நிமிர்ந்து உட்காரத் தொடங்குவார்கள்.

"நாள் பூரா நாலு பேர் ஏறுற ஸ்டேஷன். அதுக்கு விளக்கு எரிச்சுக்கிட்டு உக்காரணுமா?"

"அந்த நாலுல ஒருத்தி ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்குப் போறா. படத்தைப் பாத்தியா, ஃபோனைப் பாத்தியா?"

"அவளுக்கு டாக்ஸி வெச்சுக் குடு. ஸ்டேஷனை விட மலிவு."

கடைசியில் மூடுவதற்கு ஏழு, கூடாது என்பதற்கு ஒன்பது என்று கைகள் உயர்ந்தன. கேசா கையை இறக்காமலே கேட்டாள்:

"நீங்க எந்தப் பக்கம், ஃப்ராவ் ரெம்மர்ஸ்?"

"நான் ரிமோட் பக்கம்," என்றாள் ஓக்கா.

அவளுடைய அப்பா வட ஜெர்மனியின் எம்டன் துறைமுகத்தில் கப்பல் பட்டறைத் தொழிற்சங்கக்காரர். இரவு உணவு மேசையில் எப்போதும் நாலு கருத்து இருக்கும். நாலும் அவருடையவை. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அது ஏன் பொய் என்று சொல்லிவிடுவார். கெட்ட மனுஷர் இல்லை. சொன்னதில் பாதிக்கு மேல் சரியாகவும் இருந்தது. ஓக்கா முதன்முதலாக வாக்களிக்கப் போனபோது மறைப்புக்குள் நின்று அப்பாவின் கட்சிக்கே குறியிட்டாள். சீட்டை மடிக்கும்போதுதான் எதற்காகப் போட்டோம் என்று தனக்குத் தெரியவில்லை என்பது உறைத்தது. அந்தச் சங்கடம் அவளை விட்டுப் போகவே இல்லை.

அரசியல் பாடம் எடுக்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. மாணவர் தலையில் கருத்தைக் கொட்டி அவர்களை அமுக்கக் கூடாது. வெளியே சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே இருக்க வேண்டும். எல்லோரும் பயிற்சிக் கல்லூரியில் படித்ததுதான். பெரும்பாலோர் தேர்வு முடிந்ததும் அதைச் சான்றிதழோடு சேர்த்துப் பரணில் போட்டுவிடுவார்கள். ஓக்கா போடவில்லை.

முதல் சில வருஷங்கள் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டினாள். நாடாளுமன்றம் ஒரு கட்டம், அரசு ஒரு கட்டம், நடுவில் அம்புகள். ரொட்டிக்காரர்கள் குறட்டை விட்டார்கள். பிறகு மாவட்டப் படநூலகத்திலிருந்து படங்கள் கொண்டுவரத் தொடங்கினாள். ஒரு நாள் படம் பாதியில் இருக்கும்போது மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் உள்ளே வரும்போதே மாணவர்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த மேயர் லஞ்சத்தை வாங்கியிருப்பானா மாட்டானா என்பதுதான் சண்டை. பட்டறையில் இருந்த மற்றவர்களையும் கேட்டிருந்தார்கள். ஒருவன் தாத்தாவைக் கேட்டிருந்தான்.

அன்றிலிருந்து மணிக்குக் காத்திருக்காமல் அவளே நிறுத்தினாள். படத்தின் முடிவும் யாரோ ஒருவருடைய கருத்துதான் என்பது அவள் எண்ணம். அதுவும் வயலின் வாசித்துக்கொண்டே வரும் கருத்து.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் உப்போ ஃப்ரேரிக்ஸ் அவளைத் தேநீருக்குக் கூப்பிட்டார். அவர் தேநீருக்குக் கூப்பிட்டால் யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோப்பையில் கற்கண்டை இட்டுத் தேநீரை ஊற்றினார். சூட்டில் கற்கண்டு படபடவென்று வெடித்தது. பாலேட்டைக் கரண்டியால் ஓரமாக விட்டு, அது மேகம்போல் எழும்பும்வரை காத்திருந்தார்.

"போக்ஹோஃப் ஃபோன் பண்ணார்."

"ரொட்டிக்கடை போக்ஹோஃபா?"

"ரொட்டிக்கடை, நகரமன்றம், தீயணைப்புப் படை, எல்லா போக்ஹோஃபும்தான். கேசா அவர் கடைலதானே இருக்கா? சனிக்கிழமை காலைல வரிசை தெரு வரைக்கும் நிக்குது. இவ மாவுக் கையோட உள்ளேருந்து வந்து, 'முதலாளி, நீச்சல் குளத்துக்கு ஒன்பதாவது கை உங்களோடதா இருந்தா என்ன பண்ணுவீங்க'ன்னு கேட்டிருக்கா. வரிசைல பாதி பேரு கைதட்டியிருக்காங்க."

ஓக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "மீதிப் பேரு?"

"அவங்க கைதட்டினவங்களோட சண்டைக்குப் போயி, வாங்காமலே கிளம்பிட்டாங்களாம். அதைத்தான் மனுஷனால தாங்கிக்க முடியல."

நகர நீச்சல் குளத்தின் கூரை உளுத்துப்போயிருந்தது. அதைப் பழுது பார்ப்பதா, குளத்தையே மூடிவிட்டு அந்தப் பணத்தில் பாலர் பள்ளி கட்டுவதா என்று மன்றம் வியாழக்கிழமை வாக்களிக்க இருந்தது. ஊரில் வேறு பேச்சே இல்லை. போக்ஹோஃப் மூட வேண்டும் என்கிறவர்.

"ரயில் ஸ்டேஷன் படத்தைக் காட்டி, குளத்தை மூடாதேன்னு பிள்ளைங்களைத் தூண்டி விடறேன்னு சொல்றார். மேலிடத்துக்கு எழுதப் போறாராம்."

"குளத்தைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசல, உப்போ."

"தெரியும். அன்னிக்குக் கடலணை மேல நடக்கறப்ப எங்கிட்ட என்ன சொன்ன? மூடிட்டுப் பாலர் பள்ளி கட்டறதுதான் புத்திசாலித்தனம்னு சொன்னியா இல்லியா? அதையே அவர்கிட்ட சொல்லித் தொலை. நீயும் அவர் பக்கம்னு தெரிஞ்சா புகாரே கிடையாது."

"அவர்கிட்ட சொல்றதும் ரொட்டி வரிசைல சொல்றதும் ஒண்ணு. அப்புறம் நான் படத்தை எங்க நிறுத்தினாலும், இவ எதுக்கு இங்க நிறுத்தறான்னு என் மூஞ்சியைப் பாப்பாங்க. படத்தைப் பாக்க மாட்டாங்க."

"சொல்லலேன்னா, மேலிடம் பதில் சொல்ற வரைக்கும் உன் படத்தை நான் நிறுத்தியாகணும். அவங்க பதில் சொல்ல ஒரு வருஷம் ஆகும். உனக்கே தெரியும்."

ஓக்கா கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் வைத்தாள். போதும் என்பதற்கு அடையாளம். மூன்று கோப்பை குடிக்காமல் அந்த ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அவள் ஒன்றுதான் குடித்திருந்தாள்.

ஃப்ரேரிக்ஸ் அந்தக் கரண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. புதன்கிழமை அவரை வகுப்புக்கே வரச் சொல்றேன். நேர்ல பாத்துட்டுப் போகட்டும்."

போக்ஹோஃப் ஒரு தட்டு நிறைய வெண்ணெய்க் கேக்கோடு வந்தார். புகார் சொல்ல வந்தாலும் ரொட்டிக்காரர் வெறுங்கையோடு வருவாரா? "மொயின்," என்று ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்னார். "மொயின்," என்றது வகுப்பு, அதற்குள் வாய் நிறைந்திருந்தது. அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு அவருக்குப் போதவில்லை. ஃப்ரேரிக்ஸ் கதவோரமாக நின்றுகொண்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்று போக்ஹோஃப் மாணவர்களைப் பார்த்துக் கேட்டார். "குளத்தைப் பத்தி உங்க டீச்சர் என்ன சொல்றாங்க?"

"அவங்க எங்க சொன்னாங்க?" என்றான் ட்யார்க். "ஆனா மூடணும்னுதான் நினைப்பாங்க. ஒரு பென்சிலைக்கூட நகம் அளவு ஆகற வரைக்கும் சீவறவங்க."

"லூசா நீ?" என்று கேசா திரும்பினாள். "சனிக்கிழமை தவறாம அங்க நீந்தறாங்க. எங்கம்மா பாத்திருக்காங்க, நீலத் தொப்பி போட்டுக்கிட்டு. அவங்களாவது மூடச் சொல்றதாவது!"

"நீந்தறவ எல்லாம் குளத்துக்கு ஓட்டுப் போடுவாளா? நான்கூடத்தான் மீன் திங்கறேன். மீனுக்கா ஓட்டுப் போடறேன்?"

"அவங்களுக்கு எந்தப் பக்கமும் கிடையாது," என்றாள் இறைச்சி விற்பனைப் பயிற்சியில் இருந்த இன்னொருத்தி. "நம்மளை மோத விட்டுட்டு வேடிக்கை பாக்கறாங்க."

வகுப்பு இரண்டாகப் பிரிந்து ஓக்காவின் மனசைப் பற்றி வாக்குவாதம் செய்தது. பந்தயம்கூடக் கட்டினார்கள். கதவோரத்தில் ஃப்ரேரிக்ஸின் முகம் தெளிந்தது. போக்ஹோஃபும் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேசாவைப் பார்த்தார்.

"அப்ப ஒன்பதாவது கைன்னு உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"யாரும் இல்ல, முதலாளி. படத்துல அந்தக் கிழவர் தொப்பியை மேசைமேல வெச்சாரு. பாக்க உங்களை மாதிரியே இருந்தாரு."

வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. போக்ஹோஃபின் கழுத்து சிவந்தது.

"சரி," என்று அவர் எழுந்தார். பெஞ்சும் கொஞ்சம் கூடவே எழுந்தது. "சுத்தி வளைக்க வேணாம். ஃப்ராவ் ரெம்மர்ஸ், நீங்களே சொல்லிடுங்க. மூடணுமா, கூடாதா? ஒரு வார்த்தை. நான் ஃபோன் பண்ணதையே மறந்துடறேன்."

சிரிப்பு நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். படத்தைப் பார்க்கிற மாதிரி, கண்ணிமைக்காமல். கதவோரத்திலிருந்து ஃப்ரேரிக்ஸ் தலையை லேசாக அசைத்தார்: சொல்லு.

சொல்வது சுலபம். அவள் நினைப்பதும் அவர் கேட்க விரும்புவதும் ஒன்றாகவே இருந்தன. ஓக்கா கேசாவைப் பார்த்தாள். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தன் கட்சி தோற்குமோ என்கிற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. ஓக்கா ஒரு வார்த்தை சொன்னால் கேசாவின் ஒரு வார காலக் கருத்து அந்த இடத்திலேயே தவறான விடையாகிவிடும்.

"சொல்லப் போறதில்ல," என்றாள்.

"மறைக்க என்ன இருக்கு? இருபது வருஷமா நான் மன்றத்துல கையைத் தூக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். ஊரே பாக்குது."

"கையைத் தூக்கச் சொல்லித்தான் ஊர் உங்களை அங்க அனுப்பியிருக்கு. என்னை இங்க அதுக்கு அனுப்பல."

"பேசத் தெரியுது," என்றார் போக்ஹோஃப். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. "ஆனா என் கடைல வரிசை கலைஞ்சுதே, அதுக்கு யார் பொறுப்பு? நான் எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினார். "கேக் தட்டை கேசாகிட்ட குடுத்தனுப்புங்க."

பாடம் முடிந்ததும் தாழ்வாரத்தில் ஃப்ரேரிக்ஸ் அவளோடு நடந்தார். அவர் பேச வாயெடுப்பதற்குள் அவளே படக்கருவி வைத்திருந்த அலமாரியின் சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

"ஒரே ஒரு வார்த்தை, ஓக்கா," என்றார் அவர். "அதுவும் உண்மையான வார்த்தை."

"அதனாலதான்," என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை. மழை விட்டிருந்தது. காலையில் பெயின்டர்களுக்குப் பாடம். ஓக்கா மாநில மன்றத்தில் சட்டம் எப்படி நிறைவேறுகிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் இருந்தபடி நடத்தினாள். இரண்டு பேர் தூங்கினார்கள். மதியம் விடைத்தாள் திருத்தினாள். மாலை ஆறு மணிக்கு நகரமன்றம் கூடியது. பார்வையாளர் இருக்கைகளில் கேசா, ட்யார்க், இன்னும் ஐந்தாறு பயிற்சி மாணவர்கள் இருந்தார்கள். அங்கே வந்தது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. ஓக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். குளத்துக்கு முன்பு வேறு இரண்டு விஷயங்கள் இருந்தன, ஒரு வடிகால், ஒரு தெருப் பெயர். அவற்றுக்கு நிறைய நேரம் ஆயிற்று. பிறகு வாக்கெடுப்பு நடந்தது. போக்ஹோஃப் மூடுவதற்குக் கை தூக்கினார். இரண்டு வாக்கு வித்தியாசத்தில் குளம் மூடப்படுவதென்று முடிவாயிற்று. தலைவர் அதை அறிவித்தபோது கேசா திரும்பி ஓக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஓக்கா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே படியில் கேசா அவளுக்காக நின்றாள். கண் சிவந்திருந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அடுத்த வாரம் என்ன படம்?"

"அடுத்த வாரம் படம் இல்ல."

போக்ஹோஃப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். விடியுமுன் இருவருக்கும் வேலை இருந்தது. கேசா முன்னிருக்கையில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினாள். வண்டி சந்தைத் திடலைச் சுற்றிப் போவதற்குள்ளேயே உள்ளே இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. ஓக்கா சைக்கிளில் வீட்டுக்குப் போய், உருளைக்கிழங்கை வேக வைத்து, செய்தி பார்க்காமல் சாப்பிட்டாள்.