கட்டத்துக்குள் வராத வரி

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர் பிள்ளைகளின் பழைய பேர்ப் புத்தகத்தைக் கரையான் அரித்திருந்தது. "புதுசா டைப் பண்ணிரு. எப்படிப் போடணும்னு நீயே பாத்துக்கோ லா" என்றார் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி.

நான்கு கட்டம் போட்டேன்: பெயர், தகப்பன், தாய், பிறந்த தேதி. சில பெயர்களுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் ஏதேதோ எழுதியிருந்தது. அதையும் சேர்த்தால் கட்டம் கோணும். விட்டுவிட்டேன். பழைய புத்தகம், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட அடுப்புக்குப் போனது. வேலை சுத்தம் என்று துரையே பாராட்டினார்.

மறு வருஷம், பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் முனியம்மா அக்கா வந்தார். குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு ஐசியை, அந்த அடையாள அட்டையை, நீலமாக்கிக் குடியுரிமை வாங்க, இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்களாம்.

"என் பேருக்குப் பக்கத்துல 'இந்த லயத்துல பொறந்தது'ன்னு இருக்கும் பாரு தங்கச்சி. எங்கப்பா நின்னு எழுத வெச்சாரு."

பழைய புத்தகத்தில் அது இருந்தது. படித்துப் பார்த்துத்தான் விட்டேன். ஆனால் வேலை போய்விடுமே என்ற பயத்தில் என் வாயில் வந்தது வேறு. "பழைய புத்தகத்துலயே அப்படி ஒண்ணும் இல்லக்கா."

அக்கா சண்டை போடவில்லை. "சாகுற வரைக்கும் பொய் சொல்லியிருக்காரு மனுஷன்" என்று, செத்துப்போன தகப்பனைத் திட்டிக்கொண்டே படியிறங்கினார்.

அந்தத் தீபாவளிக்கு அவர் அப்பாவுக்குப் படையல் போடவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த வரி இருந்ததை அப்போதும் நான் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.