ஆறேகால் மணிக் கல்லூரி

கல்யாணமாகி நான் ஹௌராவுக்குப் பக்கத்தில் சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்புக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். என் கணவருக்கு அங்கே யார்டு ஆபீசில் வேலை. நான் திருநெல்வேலியில் பி.யூ.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் செய்திருந்தேன். அதற்கு மேல் படிப்பதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அடுத்த வீட்டில் இருந்தவரை எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கல்யாணம் ஆகாதவர். அம்மாவோடு இருந்தார். ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் வேலை. பகலெல்லாம் டிக்கெட் கொடுத்துவிட்டு, மாலையில் கல்கத்தாவில் பவானிபூர் வரை போய், வேலை பார்ப்பவர்களுக்கான கல்லூரியில் பி.ஏ. முடித்திருந்தார். அந்த நாட்களில் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டதாக ஒருமுறை சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை. மழையில் நனைந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் அப்போது பெண்கள் படிக்கக் கல்லூரி கிடையாது. லோக்கல் ரயிலில் ஹௌரா போய், அங்கிருந்து பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் கல்கத்தா போக வேண்டும். பையன்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்களும் மாணவர் சலுகையில் சீசன் டிக்கெட் வாங்கிப் போகத் தொடங்குவார்கள்; மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ டிக்கெட்டைப் புதுப்பிக்க வரமாட்டார்கள். கலவரமும் கடையடைப்புமாக இருந்த காலம் அது. ஒரு நாள் பெண் வீடு திரும்ப நேரமானால் போதும், மறுநாள் படிப்பு நின்றுவிடும். யார் யார் அப்படி நின்றுபோனார்கள் என்பது கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தீதிக்குத் தெரியும். வார ஓய்வு நாட்களில் அவர் அந்த வீடுகளைத் தேடிப் போய் விசாரிக்க ஆரம்பித்தார். எனக்கு வங்காள மொழி அரைகுறையாகத்தான் வரும். ஆனாலும் துணைக்குப் போனேன். சில வீடுகளில் டீ கொடுத்தார்கள். சில வீடுகளில் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வருஷம் துர்கா பூஜை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் க்ளப்பில் கூட்டம் போட்டார்கள். நமக்கென்று ஒரு கல்லூரி வேண்டும் என்பதுதான் பேச்சு. ஏரிக்கரையில் இருக்கும் தன் நிலத்தைத் தருவதாக ஒரு கான்ட்ராக்டர் சொன்னார். கட்டடத்தின் வரைபடத்தைக்கூடக் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் அதைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். வேறு சிலர் கல்லூரியெல்லாம் நம்மால் ஆகிற காரியமில்லை, காலையில் இன்னும் இரண்டு ரயில் விடச் சொல்லி மனுக் கொடுப்போம் என்றார்கள்.

தீதி எழுந்து, படிப்பை நிறுத்திய பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அங்கே உட்கார்ந்திருந்த சிலருடைய மகள்களும் அதில் இருந்தார்கள். வாசித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"கட்டடம் வேணாம்னு சொல்லல. ஆனா அது எழும்புறதுக்குள்ள இவங்கல்லாம் கல்யாணமாகிப் போயிடுவாங்க. பையன்க ஸ்கூல் காலையில பத்து மணி வரைக்கும் சும்மாதான கெடக்கு? அதக் குடுங்க."

குளிர்காலத்தில் ஆறு மணிக்கு ஒரே இருட்டும் பனியுமாக இருக்குமே, பெண்கள் எப்படி வருவார்கள் என்று ஒருவர் கேட்டார்.

"அஞ்சு மணிக்குக் குழாயடியில குடத்தோட நிக்கிறதும் இதே பொண்ணுங்கதான். அப்ப யாரும் இருட்டப் பத்திக் கேக்கலியே."

முதலில் இறங்கிவந்தவர் அந்தக் கான்ட்ராக்டர்தான். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, நிலம் எங்கேயும் ஓடிவிடாது, முதலில் இதைச் செய்வோம் என்றார். பெரிய மனது அவருக்கு. சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். எண்பதுகளில் ஏரிக்கரையில் கட்டடம் வந்து சயின்ஸ் வகுப்புகளும் தொடங்கின.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. பள்ளிக்கூட ஆபீசில் இருந்த மெஷினில் நான்தான் அடித்துக் கொடுத்தேன். தீதி எழுதித் தந்த இங்கிலீஷில் ஓரிரண்டு வாக்கியங்கள் சரியாக இல்லை. கேட்காமலே திருத்தி அடித்துவிட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கப் போனார்.

நூலகம் இல்லாமல் அனுமதி கிடைக்காது என்றார்கள். ஊரே புத்தகம் கொடுத்தது. சைக்கிள் வேனில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியதை நானும் இன்னும் இரண்டு பெண்களும் பிரித்து அடுக்கினோம். என் பி.யூ.சி. புத்தகங்களையும் வைத்தேன். அவற்றோடு ஒரு தமிழ் இலக்கணப் புத்தகமும் போய்விட்டது.

பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிட வந்த பேராசிரியர்கள் இரண்டு பேரில் ஒருவர் நேராக அதைத்தான் உருவினார். புரட்டிப் பார்த்துவிட்டு, இதை இங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டார்.

தீதி என்னைக் காட்டினார். "இவங்க. மொத வருஷமே சேர்றாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தப் பாடம் என்று பேராசிரியர் என்னைக் கேட்டார். சரித்திரம் என்றேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தீதியிடம் கோபப்பட்டேன்.

"நீ மட்டும் என் லெட்டரத் திருத்துறதுக்கு முன்னாடி என்னக் கேட்டியா?" என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் கணவர், "அப்ப காலையில அடுப்பு யாரு பத்த வைக்கது?" என்றார். தெரியவில்லை என்றேன். மறுநாள் விடிகாலையில் அவரே கரி அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு விசிறிக்கொண்டிருந்தார். வீடு முழுக்கப் புகை. ஒரு வாரத்தில் என்னைவிட வேகமாகப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டார்.

ஆர்ட்ஸ் மட்டும், அதுவும் தற்காலிகமாக என்று அனுமதி வந்தது. காலை ஆறேகாலுக்கு முதல் வகுப்பு. தொடங்கிய நாளன்று நல்ல மழை. பையன்கள் பெயர் செதுக்கிய பெஞ்சுகளில் ஈரப் புடவையோடு உட்கார்ந்தோம். கல்கத்தாவிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்த விரிவுரையாளர் அம்மா, முழங்கால் வரை நனைந்தபடியே ஒரு நிமிஷம் குறைக்காமல் பாடம் நடத்தினார். முடித்துவிட்டு, தான் வேலை பார்க்கும் கல்கத்தாக் கல்லூரிக்குப் பத்தரை மணிக்குள் போகவேண்டும் என்று ஓடினார். வருஷம் முழுக்க அப்படித்தான் ஓடினார். இரண்டாம் வருஷம் எனக்குக் குழந்தை பிறந்தபோது, காலை நேரங்களில் அதைத் தீதியின் அம்மா பார்த்துக்கொண்டார்.

நாங்கள் கடைசிப் பரீட்சை எழுதும் முன்பே தீதிக்குக் கரக்பூருக்கு மாற்றலாகிவிட்டது. ரிசல்ட் வந்ததும் ரயிலேறிப் போனேன். கவுண்டரில் நீளமான வரிசை. கூட்டம் கலையும்வரை பெஞ்சில் காத்திருந்தேன். வெளியே வந்தவரிடம், பாஸாகிவிட்டேன் என்றேன். கையைப் பிடித்து அழுத்தினார். உடனே கேட்டார்.

"யாரு யாரு தவறிட்டாங்க?"

இரண்டு பேர் என்றேன்.

"அவங்க வீட்டுக்குப் போனியா?"

போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒருத்தி மறு வருஷம் எழுதித் தேறினாள். இன்னொருத்தியின் வீட்டில் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். அவள் என்னை உள்ளே கூப்பிட்டு, தட்டு நிறைய சந்தேஷ் இனிப்பு கொடுத்து, தன் நோட்டுகளையெல்லாம் அடுத்து வரும் பெண்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பையில் போட்டுத் தந்தாள்.