பத்தாம் கட்டை ஏற்றத்தில் கூடிய பாரம்

இது நடந்தது. 1933ஆம் வருஷம், நவம்பர் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை.

பேய் என்றால் நள்ளிரவில்தான் வரும், முன்னால் மல்லிகைப்பூ வாசம் வரும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது வந்தது சாயங்காலம் ஐந்து இருபதுக்கு. வந்த வாசம் பெட்ரோல் வாசம். பார்த்தவன் நாகையா. மலாயாவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே பட்டறை பிட்டர். இஞ்சினைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவான். மற்றதைப் பற்றி நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. கதை கட்டுகிற சாமர்த்தியம் அவனுக்குக் கிடையாது. அதனால்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இருபது மைல் தள்ளிக் கிள்ளானில் சர்வே ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, சிவகுருநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மனைவி குணபூசணிக்கு அதற்கு முன் இரண்டு பிரசவம். இரண்டும் எட்டாம் மாசத்திலேயே வந்தன, இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இந்தத் தடவை கோலாலம்பூர் லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலி கண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் என் கையில் இருக்க வேண்டும், ரயிலுக்குக் காத்திருக்காதே. ஒன்பதாம் மாசம் கோலாலம்பூரிலேயே வந்து தங்குவதாக ஏற்பாடு. ஆனால் ஒன்பதாம் மாசம் வரை பொறுக்கும் என்று யார் சொல்ல முடியும்?

அதற்காகவே அவர் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். இரட்டைச் சிலிண்டர், ஆயிரம் சி.சி., பதினாலு வருஷத்துக் கிழம். பக்கத்தில் சைட்கார். இரும்பு மலை மாதிரி இருக்கும். தட்டை ரோட்டில் ஓடும். ஏற்றம் வந்தால் இருமும், நின்றுவிடும். நாகையாவிடம் கொண்டுவந்து விட்டார்.

"நாகையா, எனக்கு வேகம் வேண்டாம். கோலாலம்பூர் போற ஏத்தங்களில நிக்காமல் போனாக் காணும்."

"நிக்காது ஐயா. நான் பாத்துக்கிறேன்லா."

கோளாறு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்கு ஊட்டும் கார்பரேட்டரில்தான். உள்ளே ஏறி இறங்கும் அடைப்பான் தேய்ந்து, வேண்டாத காற்றையெல்லாம் இழுத்தது. மாற்றியே ஆக வேண்டும். கடையில் இரண்டு இருந்தன. ஒன்று சின்ன வண்டிக்கானது, வாய் குறுகல். இந்த இஞ்சினுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இன்னொன்று பந்தய வண்டிக்கானது, வாய் அகலம். பறந்தால் பாடும். மெதுவாகப் பாரம் இழுக்கச் சொன்னால், காற்று உள்ளே சோம்பிப்போய் பெட்ரோலைத் தூக்காது. பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு யார் பறக்கப் போகிறார்கள்? இரண்டும் வேண்டாம் என்றான்.

மூன்றாவது, அம்பாங்கில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. சரியான வாய் அளவு. இதே மாதிரி கனத்த வண்டியில் இருந்தது. அதை இஞ்சினோடு பிடித்துவைக்கும் இரும்புக் கவ்வியும் கூடவே இருந்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாகையா கேட்கவில்லை. சாமான் சரியாக இருந்தால் சங்கதி எதற்கு என்பது அவன் எண்ணம்.

பெட்ரோல் பாயும் துளையான ஜெட்டில் பெரியதைப் போட்டான், புகை கறுத்தது. சின்னதைப் போட்டான், இஞ்சின் கொதித்துப் பட் பட்டென்று வெடித்தது. நடுவில் ஒன்றைப் போட்டு, ஊசியை ஒரு பள்ளம் உயர்த்தினான். குணபூசணியின் எடைக்கு அரிசியை மூட்டை கட்டிச் சைட்காரில் வைத்து, பெட்டாலிங் ஏற்றம் வரை ஓட்டினான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். நல்ல பிஸ்கட் நிறம். பெட்ரோல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தன் காதே குளிர்ந்துவிட்டது என்று பிற்பாடு சொன்னான்.

பழைய கவ்வி வண்டிக்குப் பொருந்தவில்லை. வண்டியில் இருந்ததையே மாட்டிவிட்டு, அதைக் கைகாவலுக்குச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆறு நாற்பது. கொட்டகையில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

டிக்... டிக்... டிக்...

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். கார்பரேட்டர் தலையில் ஒரு சின்னப் பித்தளைக் குமிழ் இருக்கும். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்புமுன் அதை விரலால் அழுத்துவார்கள், பெட்ரோல் பொங்கி வரும். அழுத்தினால்தான் அந்தச் சத்தம். கொட்டகையில் வேறு ஆள் இல்லை. போய்ப் பார்த்தான். பெட்ரோல் குழாய் மூடித்தான் இருந்தது. ஆனாலும் பொங்கிச் சொட்டியிருந்தது. பித்தளைமேல் பனித்த ஈரத்தில் ஒரு பெருவிரல் தடம்...

சின்ன விரல். அவனுடையது இல்லை.

துடைத்துவிட்டான். வேறென்ன செய்வான்? நாளை மறுநாள் வண்டி கிள்ளான் போக வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் வண்டியைக் கிள்ளானுக்கு ஓட்டிப் போனான். வழியெல்லாம் இஞ்சின் வெண்ணெய். பத்தாம் கட்டை, அதாவது பத்தாம் மைல்கல் இறக்கத்தில், ரப்பர்த் தோட்டத்து ஓரம், ஒரே ஒரு தடவை இருமியது. அவன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நாலு பத்துக்குச் சிவகுருநாதன் வீட்டு வாசலில் நிறுத்தினான். உள்ளே குணபூசணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி அப்போதுதான் தொடங்கியிருந்தது. எட்டாம் மாசம்தான்.

"நாகையா, நீயே ஓட்டு. வண்டி உன்ரை கைக்குத்தான் பழக்கம்" என்றார் சிவகுருநாதன்.

அவளைச் சைட்காரில் உட்காரவைத்தார்கள். ஒரு ஆள்தான் உட்காரலாம், அவ்வளவு இடம். வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "உதைக்கிறான்" என்று அந்த வலியிலும் சிரித்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டி கிளம்பும் நேரம் பக்கத்து வீட்டு வள்ளியம்மா ஓடி வந்தாள்.

"இரும்பு வச்சிருக்கியாம்மா? பிள்ளைத்தாய்ச்சி, அந்தி நேரம், ரப்பர்க் காட்டு வழி... இரும்பு இல்லாம போகக் கூடாது!"

வீட்டுக்குள் போய்த் தேட நேரமில்லை. நாகையா சட்டைப்பையில் கைவிட்டான். ஒரு இரும்பு கையில் தட்டுப்பட்டது. அந்தக் கவ்வி.

"இந்தாங்கம்மா. கையில வச்சுக்குங்க."

பாவி, நல்லதென்று நினைத்துத்தான் கொடுத்தான்.

நாலு முப்பத்தைந்துக்குக் கிளம்பினார்கள். நாகையா ஓட்டினான், பின்னால் சிவகுருநாதன். பத்து தீகா ஊரைத் தாண்டும்வரை குறையே இல்லை. தூறல் விழுந்தது. குணபூசணி கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கவ்வியை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

ஐந்து இருபது. பத்தாம் கட்டை ஏற்றம்.

வண்டி திணறியது. நாகையா விசையைத் திருகினான். சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. நடை வேகம்... அதற்கும் கீழே... ஹேண்டில் இடப்பக்கம், சைட்கார் பக்கம் இழுத்தது. பிறகு நின்றேவிட்டது.

"என்ன? என்ன நாகையா?"

"ஒரு நிமிசம் ஐயா!"

குதித்து இறங்கிப் பிளக்கைக் கழற்றினான். விரல் பொசுங்கியது. பார்த்தான்.

பிஸ்கட் நிறம்.

கார்பரேட்டரில் குற்றமில்லை. இஞ்சினில் குற்றமில்லை. அப்புறம் ஏன் நின்றது? ஒரு பிட்டருக்கு அதற்கு ஒரே பதில்தான் தெரியும். பாரம். அவன் வைத்துப் பார்த்ததைவிட அதிகப் பாரம்.

குனிந்து சைட்காரின் அடியைப் பார்த்தான்.

பாரம் தாங்கும் வில்தகடுகள் தட்டையாகப் படுத்துக் கிடந்தன. ஒரு ஆளுக்கு அப்படிப் படுக்காது.

இரண்டு ஆள்.

டிக்...

அவன் கை கார்பரேட்டர் பக்கமே இல்லை.

டிக்... டிக்...

சிவகுருநாதன் கையும் இல்லை. பெட்ரோல் பொங்கி வழிந்தது. மழை வாசத்தையும் மீறி அந்த வாசம் மூக்கில் ஏறியது.

"சரி அக்கா..." என்றாள் குணபூசணி.

நாகையா நிமிர்ந்தான்.

அவள் கண் மூடியிருந்தது. முகத்தில் வலியே இல்லை. இடப்பக்கம் ஒருவருக்கு இடம் விட்டு, ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"ஓம் அக்கா... களைச்சுப் போனன்... நீங்களே வச்சிருங்கோ..."

அவள் பக்கத்தில் தோல் மெத்தை குழிந்திருந்தது. மழைத்துளி அந்த இடத்தில் மட்டும் விழவில்லை.

நாகையா கிட்டே குனிந்தான். அவள் கையைப் பார்த்தான். கவ்வி. அதைப் பிடித்திருந்தது அவள் விரல்கள் மட்டும் இல்லை...

பிடுங்கினான். பனிக்கட்டி மாதிரி சில்லென்றிருந்தது. பலங்கொண்ட மட்டும் ரப்பர் மரங்களுக்குள் வீசினான்.

க்ரீச்...

வில்தகடுகள் மேலே எழும்பின. இரண்டு அங்குலம்.

யாரோ இறங்கினால் எழும்புமே, அப்படி.

ஒரே உதை. இஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி ஏற்றத்தில் இறகு மாதிரி ஏறியது. நாகையா அழுதுகொண்டே ஓட்டினான். தப்பித்தோம் என்றுதான் நினைத்தான்.

குணபூசணி அப்போதுதான் கண் திறந்தாள். பின்னால் திரும்பி மரங்களைப் பார்த்தாள்.

"அந்த அக்கா இறங்கிட்டாவோ?"

"எந்த அக்கா?" என்றார் சிவகுருநாதன்.

"பிள்ளையை அவவின்ரை கையிலயெல்லோ குடுத்தனான்..."

நாகையா விசையை இன்னும் திருகினான்.

ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஆஸ்பத்திரி. இரண்டு மணி நேரத்துக்குள்தான். டாக்டர் சொன்ன கெடுவுக்குள்தான். நர்ஸ் மார்க்கிரட் மரக்குழலை வயிற்றில் வைத்து, பிள்ளையின் துடிப்புக்குக் காது கொடுத்தாள். இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் மாற்றினாள். பிறகு குழலைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

ஆண் பிள்ளை. எந்தக் குறையும் இல்லை, மூச்சு மட்டும் இல்லை. உயிர் போய் ஒரு மணி நேரத்துக்குள்தான் இருக்கும் என்றார் டாக்டர். காரணம் அவருக்குத் தெரியவில்லை. குணபூசணி அழவில்லை. அதுதான் சிவகுருநாதனால் தாங்க முடியவில்லை. நாகையாவை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வண்டியை மட்டும் பிறகு தொடவே இல்லை.

நாகையாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான் கொடுத்த இரும்பு, நான் கொடுத்த இரும்பு என்று புலம்பிக்கொண்டே அம்பாங்குக்குப் போனான். அன்று தவுக்கே சொல்ல வந்ததை இன்றைக்குச் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

அந்தக் கார்பரேட்டரும் கவ்வியும் முன்னால் இருந்த வண்டி கிள்ளான் பக்கத்து டிரைவர் பக்கிரிசாமியுடையது. நாலு வருஷத்துக்கு முன், மனைவி சீதாலெட்சுமியை வலியோடு சைட்காரில் ஏற்றிக் கோலாலம்பூர் போனான். பத்தாம் கட்டை ஏற்றத்தில், மழையில், வண்டி நின்றது. அவன் உதை உதையென்று உதைத்தான். அவள் சைட்காரிலிருந்து கையை நீட்டி அந்தக் குமிழை அழுத்திக்கொண்டே இருந்தாள். வண்டி கிளம்பவில்லை. அழுத்திய கை நின்றது. பிள்ளை பிறக்காமலே தாயோடு போயிற்று.

அடுத்த மாதம் நாகையா பத்தாம் கட்டைக்குப் போனான். கவ்வியைத் தேடி எடுத்து ஆற்றில் போட வேண்டும் என்று எண்ணம். விடியற்காலை ஆறு மணி. ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த வீரம்மா என்ற பெண் அவனைத் தடுத்தாள்.

"அந்த மர நிரைக்குள்ள போகாதீங்க அண்ணே. நாங்களே அங்க வெட்டுறதில்ல."

"ஏன்?"

"நாலு வருசமா ஒரு பொம்பளை அழுவுற சத்தம். நாங்க வெட்ட வர்ற நேரத்துக்கு, தினம் கேக்கும். போன மாசம் ஒரு வியாழக்கிழமையோட நின்னு போச்சு."

நாகையா மூச்சு விட்டான். "நின்னுடுச்சா?"

"அழுகை நின்னுடுச்சு அண்ணே" என்றாள் வீரம்மா. "இப்ப தாலாட்டு கேக்குது."