கையில் வாங்கிய குழந்தை

தத்தெடுக்கப் பதிவு செய்து காத்திருந்து சலித்துப்போய், குழந்தை ஏற்பாடு செய்வதாகச் சொன்ன ஒரு பெண்ணை நம்பினோம். டெல்லி மயூர் விஹாரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவள் பச்சைக்குழந்தையோடு வந்தாள். கூடவே அதன் தாய், பதினேழு வயதுத் தமிழ்ப் பெண்.

"ஜல்தி கதவைச் சாத்துங்க மேடம், யாராச்சும் பாத்துடுவாங்க" என்றாள் அழைத்து வந்தவள். கதவைச் சாத்தினேன். குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

"ஆன்ட்டி, பால் குடுக்க நான் தினமும் எப்ப வரட்டும்?" என்று அந்தத் தாய் கேட்டாள். "எனக்கு வேலை கிடைக்கிற வரைக்கும்தானே நீங்க வெச்சிருப்பீங்க?"

என் கணவர் முகம் வெளுத்தது. குழந்தையைத் தாயிடமே கொடுத்தேன். அழைத்து வந்தவள் நழுவிவிட்டாள். குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தோம். அங்கிருந்து வந்தவர்கள் தாயையும் பிள்ளையையும் ஒன்றாகவே கூட்டிப்போனார்கள்.

இப்போது பழைய பதிவிலேயே காத்திருக்கிறோம். யாராவது "ஒரு குழந்தை இருக்கு" என்றால், அதன் அம்மாவிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். போன மாதம் அழைத்தவர் உடனே போனை வைத்துவிட்டார்.