மாமா பேசிய சம்பந்தம்

போன மாதம் விட்பி நகரில் ஒரு வீட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படிக்கிற பையன் ஒருவன் சமையலறையிலிருந்து தேநீர்த் தட்டத்தோடு வந்தான். கோப்பைகளுக்கு நடுவில் ரோல்ஸ் அடுக்கியிருந்தது. நெடுத்த, தோள் அகன்ற பையன். ஆனால் அவன் கண் தட்டத்தை விட்டு எழும்பவேயில்லை. அவனைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். பல்கலைக்கழக அணி ஒன்றுக்குக் குவாட்டர்பாக் தேடிப் பிடிப்பது என் வேலை. கோப்பையை எடுக்கக் கையை நீட்டியவனுக்கு மாமாவின் நினைவு வந்தது. நீட்டிய கை அப்படியே கொஞ்சம் நின்றுவிட்டது.

நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் ஃபுட்பால் என்றால் எங்கள் ஆட்கள் நினைக்கிற உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, ஆளை ஆள் இடித்து விழுத்துகிற ஆட்டம். அதில் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவு செய்கிறவன் குவாட்டர்பாக். அப்படி ஒருவனைத் தேடும்போது எறியும் வேகத்தைக் கருவி சொல்லிவிடும், ஓட்டத்தைக் கடிகாரம் சொல்லிவிடும். மிச்சத்துக்குத்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். மற்ற வீரர்களை நிமிர்த்தி நிறுத்துகிற குரல் இவனிடம் இருக்கிறதா? எதிரணிக்காரன் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய பிறகு இவன் யாருடைய முகத்தைப் பார்க்கிறான்? இதையெல்லாம் மைதானத்தில் பார்த்துவிட்டு, கடைசியில் வீட்டுக்கும் ஒருமுறை போய் வருவோம். என்னைப் பார்க்கவும் ஒருவர் அப்படித்தான் வந்தார்.

அப்போது நாங்கள் மல்வேர்ன் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மாமாவுக்கு வரவேற்பறை சோஃபாதான் கட்டில். அப்பாவுக்கு இரவு வேலை. விடிந்து வந்து படுத்தால் பின்னேரம்தான் எழும்புவார். சுவர்களோ காகிதத்தால் கட்டியதுபோல. எனவே எங்கள் வீட்டில் பகல் முழுக்க ரகசியக் குரல்தான். அதுவும் போதாதென்று மாமா ஒரு கைப்பாஷையே உண்டாக்கி வைத்திருந்தார். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தால் அப்பா படுத்துவிட்டார். பெருவிரலால் கதவைக் காட்டினால் வெளியே போவோம். வயிற்றைத் தட்டினால் சாப்பாடு ஆயத்தம். நான் பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறக்கும்போதே, பின்னேர வேலைக்குப் புறப்பட்டு நிற்கிற மாமா கன்னத்தில் கையை வைத்துக் காட்டுவார். சனி ஞாயிறுகளிலும் பேக்கரித் தொழிற்சாலையில் மேலதிக வேலை பார்ப்பார். நான் விளையாடி அவர் பார்த்ததே இல்லை.

எங்கள் ஆட்களுக்குள் மாமாவுக்கு ஒரு விஷயத்தில் பெரிய பெயர். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். மாமா வாயைத் திறந்தால் வேண்டாம் என்று வந்தவர்களும் நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போவார்கள் என்று பேச்சு. தனக்கு மட்டும் கடைசி வரைக்கும் ஒன்றும் பேசிக்கொள்ளாதது வேறு கதை. நான் பள்ளிக்கூடக் கடைசி வகுப்பில் இருந்தபோது, பல்கலைக்கழக அணி ஒன்றின் பயிற்சியாளர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வருகிறார் என்றதும், மாமா கலியாண வீடுகளுக்குப் போடுகிற கோட்டை எடுத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினார். அம்மா திரைச்சேலைகளைத் துவைத்துப் போட்டா, பற்றிஸ் பொரித்தா. தேநீர்த் தட்டத்தை என் கையில் தந்து, "முதல்ல வந்தவருக்குக் குடு. நிலத்தைப் பார்த்து நட, ஊத்திப்போடாத" என்றா. பெண் பார்க்க வருகிற வீட்டில் என்னவெல்லாம் நடக்குமோ அத்தனையும் நடந்தது. பூவும் பொட்டும்தான் பாக்கி.

பயிற்சியாளர் பற்றிஸைக் கடித்துக்கொண்டே என்னைப் பற்றிக் கேட்டார். பெரியவர்கள் இருக்கும்போது பிள்ளை வாய் திறக்கலாமா? மாமா தொடங்கினார். ஆங்கிலத்தில்தான் பேசினார். ஆனால் எத்தனையோ வீடுகளில் பேசிப் பழகின அதே வசனங்கள். என் காதில் தமிழாகவே விழுந்தன.

"பெடியன் தங்கக் கம்பி. இருக்கிற இடம் தெரியாது. ஒரு நாளும் சத்தம் போட்டுக் கதைச்சதில்லை. கூட்டாளிமாரோட திரியிற பழக்கமே கிடையாது. நாங்கள் நில் எண்டா நிப்பான், இரு எண்டா இருப்பான்."

மாப்பிள்ளைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. குவாட்டர்பாக்குக்கு இதைவிட மோசமானது கிடையாது. சத்தம் போடாதவன், கூட்டாளிகள் இல்லாதவன், சொன்னால் மட்டும் அசைகிறவன்! மாமா ஒவ்வொரு குணமாகச் சொல்லச் சொல்ல, பயிற்சியாளரின் முகம் சோர்ந்துகொண்டே போனது. வாசலில் சப்பாத்துப் போடும்போது அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், மாமா சொன்னதெல்லாம் சரிதானா என்று. பக்கத்தில் மாமா கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பூரித்துப்போய் நின்றார். வந்தவருக்கு முன்னால் அவரை எப்படிப் பொய்யராக்குவது? நான் தலையை ஆட்டினேன்.

அந்த வருடம் அந்த அணியில் குவாட்டர்பாக்குக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. பக்கத்து நகரமான மார்க்கத்தில் இன்னொரு பையனையும் பார்க்கிறார்களாம், அவனுக்கு நல்ல குரலாம் என்று இரண்டு நாளில் பள்ளிக்கூடத்தில் கதை வந்துவிட்டது. நான் சாப்பிடாமல் திரிந்தேன். மாமா என்னைப் பார்த்தார், பெருவிரலால் பல்கனிக் கதவைக் காட்டினார். வெளியே போய்க் கதவைச் சாத்தின பிறகும் எங்களுக்கு ரகசியக் குரல்தான் வந்தது.

"நான் நல்லதெண்டுதானேடா சொன்னன்" என்றார், நான் சொல்லி முடித்ததும்.

"தெரியும் மாமா. ஆனா அவை சத்தம் போடுறவனைத்தான் தேடுகினம்."

"நீ சத்தம் போடுவியோ?"

"போடுவன்."

"உண்மையாவோ?"

அவர் முகத்தில் இருந்த ஆச்சரியத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. ஒரே கூரையின் கீழ் வளர்ந்த பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு மாமா மைதானத்துக்கு வந்தார். குளிரில் எல்லோரும் கம்பளித் தொப்பியோடு இருக்க, இவர் மட்டும் கலியாணக் கோட்டில். பயிற்சியாளரும் வந்திருந்தார். பதற்றத்தில் நான் எறிந்த பந்து ஒன்றை எதிரணிக்காரன் பறித்துக்கொண்டு போனான். ஆட்டத்தில் இதைவிட அவமானம் இல்லை. பந்தைப் பிடிக்க வேண்டியவன் தன்னில்தான் பிழையோ என்று தலை குனிந்து நின்றான். நான் கையைத் தூக்கி, எல்லோருக்கும் கேட்க, பிழை என்னுடையது என்று கத்தினேன். அடுத்த முறை பந்து எங்களிடம் வந்தபோது ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவனவன் இடத்தில் நிறுத்தினேன். அப்போதுதான் பார்த்தேன், மாமா பார்வையாளர் படிகளில் இறங்கிப் பயிற்சியாளரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஐயோ, மறுபடியும் சம்பந்தம் பேசப் போகிறாரே என்று நினைத்துக்கொண்டே அடுத்த பந்தை வாங்கினேன்.

என்ன பேசினார் என்று மாமா சொல்லவில்லை. கேட்டபோது, "சும்மா, சுகம் விசாரிச்சனான்" என்று மழுப்பிவிட்டார். இடம் எனக்குக் கிடைத்தது. அந்தப் பயிற்சியாளரிடமே விளையாடி முடித்த பிறகு ஒருநாள் அவர்தான் சொன்னார். மாமா அன்றைக்குக் கூட்டத்துக்கு முன்னால் அவரிடம் போய் நின்று சொன்னாராம்: நான் உங்களுக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேன், வீட்டில் இவன் தகப்பன் பகலில் நித்திரை கொள்கிறவர், அதனால்தான் பிள்ளை சத்தம் போடுவதில்லை, இத்தனை வருடம் கூட இருந்தும் இவன் குரலை இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிறேன், பிழை என்னுடையது. பயிற்சியாளர் சிரித்துக்கொண்டு சொன்னார், "அதற்குக் கொஞ்ச நேரம் முந்தித்தான் நீ கையைத் தூக்கி அதையே கத்தியிருந்தாய். எங்கே பழகினாய் என்று உன்னிடம் நான் கேட்கத் தேவையிருக்கவில்லை."

எத்தனையோ பேரை மதிப்பிட்டுவிட்டேன். இன்றைக்கும் ஒரு பையனில் நான் முதலில் தேடுவது அதைத்தான். நாலு பேருக்கு முன்னால் தன் பிழையைத் தன் வாயால் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு உடைந்துபோகாமல் நிற்க வேண்டும். கையின் பலத்தைப் பயிற்சியில் கூட்டலாம். இதைக் கூட்டுவதற்கு எனக்கு வழி தெரியவில்லை.

மாமா போன மாரிக் குளிரில் காலமாகிவிட்டார். செத்தவீட்டில் இரண்டு வார்த்தை பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள். மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினவனுக்கு அன்றைக்கு, எங்கள் பழைய வீட்டில்போல, ரகசியக் குரல்தான் வந்தது. அவர் எனக்கு எவ்வளவு வேண்டியவர் என்று அங்கே சொல்ல நினைத்து முடியாமல்போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விட்பி வீட்டில் பையனின் அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தா, "தம்பி, இவன் சரியான அமைதி. வீட்டில இருக்கிறதே தெரியாது." வாசலில் மற்றச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்து ஒரு சோடி கிடந்ததை நான் வரும்போதே கண்டிருந்தேன். மேல்மாடியில் ஓர் அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் கோப்பையை எடுக்காமல் பையனைப் பார்த்தேன். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சரித்து, கண்ணால் மேல்மாடியைக் காட்டினேன். தட்டத்திலிருந்து அவன் கண் முதல்முறையாக மேலே எழும்பியது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ஓம், இவன்ரை அப்பா. இப்பதான் வேலையால வந்து படுத்தவர்" என்றா அம்மா, திகைத்துப்போய். "உங்களுக்கு ஆர் சொன்னது?"

"என்ரை மாமா" என்றேன். கோப்பையை எடுத்துக்கொண்டு, பெருவிரலால் பையனுக்கு வெளிக்கதவைக் காட்டினேன்.