அவர் சொல்லாத கருத்து

நாலு விரல் அகலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு திரையரங்கின் வாசலில், கைப்பையை இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி ஓர் அக்கா நிற்கிறார். எடுத்தவன் நான். அதற்குக் கீழே அச்சாகியிருக்கும் நான்கு வரிகளை எழுதியவனும் நான்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் வந்து நின்றுபோன ஒரு தமிழ் வார இதழின் பக்கம் அது. பழைய இதழ்களைச் சேகரிக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் அதை எனக்கு அனுப்பி, அந்த வயதிலேயே என்ன அழகாக எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டியிருந்தார். நன்றி சொல்லிப் பதில் போட்டேன். பிறகு இரண்டு நாள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இதழில் 'பார்வையாளர் கருத்து' என்று ஒரு பக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி முடியும் நேரத்தில் குறிப்புப் புத்தகமும் கேமராவுமாகத் திரையரங்கு வாசலில் நிற்க வேண்டும். வெளியே வருபவர்களில் ஏழு பேரைப் பிடித்துக் கருத்து கேட்க வேண்டும். பெயர், ஊர், படம் மூன்றும் இல்லாவிட்டால் ஆசிரியர் ஏற்க மாட்டார். அவருக்கு இன்னொரு கட்டளையும் உண்டு. "ஏழு பேரும் நல்லாருக்குன்னு சொன்னா அது கருத்துப் பக்கம் இல்லப்பா, கல்யாண வாழ்த்து. ஒருத்தராவது திட்டணும்" என்பார். திட்டுகிறவரைத் தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. வழக்கமாகக் கிடைத்துவிடுவார்.

அந்த வாரம் ஓடியது ஓர் ஆங்கிலப் படம். பள்ளி விடுமுறையில் ஏரிக்கரை முகாமுக்கு அனுப்பப்படும் பெண் பிள்ளைகளின் கதை. அழுதுகொண்டே வரும் ஒருத்தி, சண்டை போட்டு, தோழி பிடித்து, எதிர்க்கரைப் பையன் ஒருவனிடம் மனதைக் கொடுத்து ஏமாந்து, கடைசியில் நிமிர்ந்து வீடு திரும்புவாள். ஈப்போ நகரத்துப் பிள்ளைகள்தான் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய அந்த அக்காவைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். பக்கத்தில் இரண்டாம் படிவம் படிக்கும் பதினாலு வயது மகள். அக்கா சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். விடியற்காலையில் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டேன். "ஒரு சொல்லும் தெரியாது தம்பி. கேம்புன்னா என்னான்னு கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

மகளைப் பள்ளியில் சாரணியர் முகாமுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்களாம். லுமுட் கடற்கரையில் நான்கு நாள். அந்தத் தோட்டத்திலிருந்து அதுவரை எந்தப் பெண் பிள்ளையும் அப்படி வெளியே போய்த் தங்கியதில்லை. அதிலும் இவள் பெரியவளாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் வேண்டாம் என்றும் சொல்லாமல், சரி என்றும் சொல்லாமல் இருந்தார். முகாம் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தப் படத்தைப் பாருங்கள் என்று டீச்சர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார் அக்கா. பொழுதுபோக்க வந்தவர்கள் மத்தியில், ஒரு முடிவெடுப்பதற்காகப் படம் பார்க்க வந்த ஒரே ஆள் அவர்தான்.

அவர் சொன்னதை நான் அப்படியே எழுதிக்கொண்டேன். "சோத்துக்கு வரிசையா நிக்குதுங்க, விடியக்கால பெரட்டுல நம்ம ஆளுங்க வேலைக்குப் பேர் குடுக்க நிக்கிற மாதிரி. சாப்ட்ட தட்ட அதுங்களே கழுவுது. படுக்கிறதுக்கு முன்னால டீச்சர் வந்து ஒவ்வொரு தலையா எண்ணிப் பாக்குறாங்க. அப்புறம் என்னா பயம்? முத்தம் குடுக்கிறதெல்லாம் வெள்ளக்காரன் படத்துல இருக்கத்தான் செய்யும்லா. அந்தப் புள்ள அழுதுகிட்டு வந்துச்சு, சிரிச்சிக்கிட்டுப் போச்சு. எம்புள்ளைய அனுப்பப் போறேன்." மகள் வெட்கத்தோடு அம்மாவின் முழங்கையைக் கிள்ளினாள். கையெழுத்து கேட்டபோது, "எனக்கு எழுத்து வராது தம்பி, இது போடும்" என்று மகளைக் காட்டினார். அவள் அம்மாவின் பெயரை அழகாக எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் பக்கத்தைக் கட்ட உட்கார்ந்தபோது ஏழு பேரும் படத்தைப் பாராட்டியிருந்தார்கள். திட்டுகிறவர் இல்லை. அச்சுக்குப் போக ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஏழு பெயர்களையும் மேலும் கீழும் பார்த்தேன். யாரை மாற்றினால் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று பார்த்தேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே என்று நினைத்தேன். "வயதுக்கு வந்த பெண்களை வீட்டை விட்டு வெளியே தங்க வைப்பது நம் பண்பாட்டுக்கே பங்கம். பெற்ற வயிறு பதைக்கிறது. என் மகளை இப்படிப்பட்ட முகாமுக்கு ஒருநாளும் அனுப்ப மாட்டேன்" என்று எழுதி, அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் படத்தையும் போட்டேன். மோனை நன்றாக விழுந்திருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். ஆசிரியர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். தெலுக் இந்தான் பக்கம். தோட்டத்துக்கு ஒரே ஒரு பத்திரிகை வந்தாலும் அது மளிகைக் கடை வாசலில் உரக்கப் படிக்கப்பட்டு, சாயங்காலத்துக்குள் தொழிலாளர்களின் எல்லா லயன் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அதை அந்த ஒரு மணி நேரத்துக்கு வசதியாக மறந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து அக்கா மகளோடு அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவரோ உட்காரக்கூடத் தயங்கினார். தோட்டத்தில் எல்லோரும் அவரைக் கொண்டாடுகிறார்களாம். கோயில் தலைவர், பொம்பளைன்னா இப்படிப் பேசணும் என்று நாலு பேர் முன்னால் சொன்னாராம். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தன் மனைவியை அழைத்து வந்து இவரைக் காட்டினாராம். வீட்டுக்காரர் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டார். பேப்பரிலேயே சொல்லியாகிவிட்டது, இனிமேல் பிள்ளையை அனுப்பினால் ஊர் காறித் துப்பும் என்கிறார். முகாமுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

"நீ அப்படிச் சொல்லவே இல்லம்மான்னு இது ஒரே அழுகை. எனக்கும் அனுப்புறேன்னு சொன்ன மாதிரிதான் இருக்கு. ஆனா பேப்பர்ல வந்திருக்கே, பொய்யாவா போடுவாங்க? நான் எப்படித் தம்பி சொன்னேன்? மாத்தி வந்திருச்சுன்னு நீங்க ஒரு வரி போட்டுட்டா அவர்கிட்ட காட்டுவேன்."

குறிப்புப் புத்தகம் என் மேசை இழுப்பறையில், என் முழங்காலுக்கு மேலே இருந்தது. ஆசிரியரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. எனக்கு அது முதல் வேலை. எழுத்தாளன் என்று நாலு பேர் அழைக்கத் தொடங்கியிருந்த நேரம். "நீங்க அப்படித்தான் அக்கா சொன்னீங்க" என்றேன். குரல் நடுங்கவில்லை. இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது அதுதான்.

அக்கா கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன் போல" என்றார். மகள் மட்டும் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்று திரையரங்கு வாசலில் அவள் அம்மாவின் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அம்மா, இவரு..." என்று தொடங்கியவளை அக்கா அதட்டினார். "வாய மூடு. படிச்சவங்கள நம்பாம, உன் பேச்சக் கேட்டு இவ்ளோ தூரம் வந்து அவருக்கு சுசா குடுத்து, தொந்தரவு பண்ணிட்டேன்." பிறகு அவளை என் பக்கம் தள்ளினார். "அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேளு."

அவள் கேட்டாள். "மன்னிச்சிக்குங்க அண்ணே."

"பரவால்ல தங்கச்சி" என்று நான் சொன்னேன்.