கல்லின் மேல் கல்

எங்கள் வளைவில் பஞ்சர் கடை வைத்திருப்பவளை லாரிக்காரர்கள் எல்லோரும் தூக்கக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குத் தூக்கம் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்களைத் தூங்க வைப்பது அவள் வேலை. எதிரே டீக்கடை போட்டிருக்கிற எனக்குத் தெரியாததா?

அவள் கடைக்குப் பக்கத்தில் பெரிய மரங்கள் நிற்கிற பொட்டல் ஒன்று உண்டு. அதன் முன்னால் சாலையோரம் சுண்ணாம்பு அடித்த கற்கள் வைத்திருப்பாள். ஒரு கல் மட்டும் இருந்தால் நின்று முகம் கழுவலாம். கல்லின் மேல் கல் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். தரை கெட்டி, டீசல் திருட ஆள் வராது. கல் சரிந்து கிடந்தால் பேசாமல் போய்விட வேண்டும். எந்த அதிகாரியும் எழுதி வைத்ததல்ல. ஓட்டுநர் ஓட்டுநருக்குச் சொல்லி சாலை முழுக்கத் தெரியும். காலையில் பொட்டலை மிதித்துப் பார்த்த பிறகுதான் மேல் கல்லை ஏற்றுவாள்.

மத்தியானத்தில் அந்தப் பொட்டலைப் பார்க்க வேண்டும். நிழலில் லாரிகள் நிற்கும். கதவுகளுக்கு வெளியே கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அத்தனை பேர் மூச்சும் சேர்ந்து மெல்லக் கேட்கும். வெயிலில் சாலை தண்ணீர் மாதிரி மிதக்கும். யாருடைய கனவிலோ நான் கடை போட்டிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றும். கையில் இருக்கிற டீ ஆறிப்போயிருக்கும்.

ஒருவன் மட்டும் நிற்கமாட்டான். அவளுடைய தம்பி, நீல லாரிக்காரன். தூங்காமல் வண்டி ஓட்டுகிறான் என்று அவன் முதலாளியிடம் இவளே போய்ச் சொல்லிவிட்டாள். முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வேறு வண்டி கிடைப்பதற்குள் அவன் நாய் படாத பாடு பட்டான். அன்றிலிருந்து அக்கா முகத்தில் விழிப்பதில்லை. எங்கள் வளைவு வந்தால் வேண்டுமென்றே வேகம் எடுப்பான். கொஞ்ச தூரத்தில் மலை இறக்கம். அங்கே கண் சொருகினால் கதை முடிந்தது.

"இன்னைக்கு ரோட்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பிச்சு வண்டி, பாத்தியாண்ணே? அப்படியே தூங்கிடுவான்," என்றாள் ஒரு நாள்.

"இங்க நின்னு தூங்கிட்டுப் போனா என்னவாம் அவனுக்கு?"

"நான் வச்ச கல்லுக்கு நிக்கமாட்டான்."

"அப்ப வேற யாரோ வச்ச மாதிரி வை," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் காலையில் தண்ணீர்க் குடம் என் தோளில் இருந்தது.

இறக்கத்துக்கு முன்னால், கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. அங்கே தரையை மிதித்துப் பார்த்தாள். கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினாள். அவன் சந்தேகப்படாமல் இருக்கக் கற்களுக்குச் சுண்ணாம்புக்குப் பதில் மஞ்சள் பெயிண்ட் அடித்து, சாலையோரம் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். கெட்டிக்காரிதான். ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? நிழலில் குடத்தை வைத்து, தட்டால் மூடி, காக்கா தள்ளிவிடாமல் தட்டின் மேல் ஒரு கல்லையும் வைத்தாள். எங்கள் பொட்டலிலும் அப்படித்தான் வைப்பாள். எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

தினமும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடந்து போய்ப் பார்ப்போம். மற்ற லாரிகள் நின்றன. நீல லாரி நிற்கவில்லை. அவள் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்தாள்.

ஒரு மத்தியானம் நீல லாரி நின்றிருந்தது. கதவு வழியாக இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி நடந்து போய், சக்கரத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காற்று கூட அசையவில்லை.

கால்கள் அசையாமலே உள்ளிருந்து குரல் வந்தது.

"குடத்து மேல தட்டு, தட்டு மேல கல்லு. உன்னத் தவிர யாருக்கு இந்தப் புத்தி வரும்?"

அவள் பதறி எழுந்தாள். "வண்டிய எடுத்துடாதடா. நான் போயிடறேன்."

நீட்டியிருந்த கால்களில் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிக்கொண்டது.

"கோவம் இன்னும் போகலக்கா."

"போக வேணாம். மொதல்ல தூங்கு."